தரை தொடாத ஹோரோ

எங்கள் ஊர் ஒரேஷ்னா எந்த நாட்டில் இருக்கிறது என்று யாராவது கேட்டால், எந்த வருஷத்தில் என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். மலைமேல் கொஞ்சம் வீடு, வீட்டுக்குப் பின்னால் பிளம் மரம், மரத்துக்குப் பின்னால் செங்குத்தான பள்ளம், பள்ளத்தின் அடியில் ஆறு, அவ்வளவுதான் ஊர். ஆனால் இந்த அவ்வளவையும் சுல்தான் ஆண்டார், பிறகு ஒரு ராஜா ஆண்டார், அந்த ராஜாவைக் கண்டாலே ஆகாத இன்னொரு ராஜா ஆண்டார், பிறகு ராஜாவே வேண்டாம் என்று கட்சி வந்து ஆண்டது, இத்தனை பேர் வந்து போனபோதும் நாங்கள் ஒருவரும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை, எல்லைக்கோடுதான் எங்கள் தலைக்கு மேலே அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தது. கடைசியில் அது களைத்துப்போய் ஆற்றில் படுத்துக்கொண்டது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் வேறு நாடு என்று ஆகிவிட்டது.

எங்கள் ஊரில் பிளம் பொய்த்த வருஷம் உண்டு, வீம்பு பொய்த்த வருஷம் கிடையாது. குதிரைமேல் உட்கார்ந்திருப்பவன் தலையைவிடக் கோயில் உயரமாக இருக்கக் கூடாது என்று சுல்தானின் ஆள் உத்தரவு போட்டபோது, எங்கள் முன்னோர்கள் சரி சரி என்று கேட்டுக்கொண்டு, கோயிலை மண்ணுக்குள் கட்டினார்கள். இன்றைக்கும் சாமி கும்பிடப் படியிறங்கித்தான் போக வேண்டும், மழைக்காலத்தில் பாதிரியார் முழங்கால் தண்ணீரில் நின்று பூசை வைக்கிறார், ஆனால் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கூரை உயரமோ உயரம். புகைபோக்கிக்கு வரி என்று முதல் ராஜாவின் ஆள் வந்து சொன்னபோது ஊரிலிருந்த அத்தனை புகைபோக்கியையும் இடித்துத் தள்ளிவிட்டு, கண்ணெரிய இருமி இருமி வாழ்ந்தோம், வரி மட்டும் கட்டவில்லை. அந்த ராஜா செத்துப்போன செய்தி வந்த அன்றுதான் கூரையில் ஓட்டை போட்டோம். அப்படிப்பட்ட ஊரில்தான் ஒரு புனித ஜார்ஜ் திருநாளன்று ஹோரோ ஆட்டம் தரையைவிட்டு எழும்பியது, எழும்பியதில் ஒன்றும் அதிசயமில்லை, இறங்க மறுத்ததுதான் கதை.

கதையில் இரண்டு அப்பாக்கள். ஒருவர் என் சித்தப்பா கிரஸ்தான், ஊரில் கைடா ஊதுகிறவர் அவர் ஒருவர்தான். கைடா என்பது ஆட்டுத்தோல் பை, அதில் மூச்சை ஊதி நிரப்பிக் கையிடுக்கில் வைத்து அமுக்கினால் குழல் வழியாகப் பாட்டு வரும், வாயை எடுத்துவிட்டாலும் பையிலிருக்கும் காற்று தீரும்வரை பாடிக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியில் என் சித்தப்பா நாலு பேரைத் திட்டி முடித்துவிட்டு மறுபடி ஊதுவார். இன்னொருவர் ஸஹாரி, ஊரில் பெரிய மத்தளம் அடிக்கிறவர் அவர் ஒருவர்தான். இந்த இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பிளம் சாராயம் காய்ச்ச ஊருக்கே ஒரு செப்புக் கொப்பரை, வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கொண்டுபோவோம், ஸஹாரி தன் முறை முடிந்து கொப்பரையைக் கழுவாமல் கொடுத்துவிட்டார் என்று சித்தப்பா சொன்னார், கழுவித்தான் கொடுத்தேன், நாறுவது உன் வீட்டுப் பிளம் என்று ஸஹாரி சொன்னார், அதோடு முடிந்தது. கைடா இல்லாமல் மத்தளமும் மத்தளம் இல்லாமல் கைடாவும் எங்கள் ஊரில் செல்லாது என்பதால் கல்யாணத்திலும் திருவிழாவிலும் இருவரும் சேர்ந்துதான் வாசித்தார்கள், முதுகோடு முதுகு ஒட்டி நின்று, ஒருவர் முகம் கிழக்கே, மற்றவர் முகம் மேற்கே. தாளம் ஒரு மயிரிழை பிசகாது.

சித்தப்பாவின் மகள் ருஷாவுக்கு ஸஹாரியின் மகன் வேல்கோவைப் பிடித்திருந்தது. ஊருக்கே தெரியும், தெரியாததுபோல் இருந்துகொண்டோம், அதுதான் மரியாதை. தாயில்லாத பெண்ணை எப்படி வளர்த்தேன் தெரியுமா என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிற சித்தப்பா, கீழ்ப் பள்ளத்தாக்கில் மாவு மில் வைத்திருந்த பாங்கோவுக்கு அவளைத் தருவதாக அவளைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார். பாங்கோவுக்கு மில்லும் இருந்தது, கோவேறு கழுதைகளும் இருந்தன, ருஷாவைவிட இருபது வயதும் கூடுதலாக இருந்தது. திருநாள் முடிந்து செர்ரிக் காலத்தில் வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. ருஷா அழுதாள், பட்டினி கிடந்தாள், சித்தப்பா அதைவிட ஒரு நாள் கூடுதலாகப் பட்டினி கிடந்து காட்டினார்.

இனி ஹோரோவின் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆணும் பெண்ணும் கைகோத்துச் சங்கிலியாக ஆடுவது ஹோரோ, தலையில் இருப்பவன் கைக்குட்டையைச் சுழற்றுவான், புதிதாகச் சேருகிறவன் வாலில்தான் சேர வேண்டும், நடுவில் நுழையக் கூடாது. நடுவிலிருந்து யாராவது போக வேண்டி வந்தால், இடப்பக்கத்துக் கையையும் வலப்பக்கத்துக் கையையும் தானே ஒன்றுசேர்த்துவிட்டுத்தான் போக வேண்டும், சங்கிலியில் இடைவெளி விட்டுப்போனால் அந்த வருஷம் ஊரில் யாராவது சாவார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ஆட்டத்துக்குள் பிடித்த கைக்கு எந்த அப்பனும் அண்ணனும் ஏன் என்று கேட்க முடியாது. பாட்டு நின்ற பிறகும் பிடித்துக்கொண்டிருந்தால் வெட்டுக்குத்துதான்.

அதனால் அன்றைக்குச் சித்தப்பா கைடாவைத் தோளில் மாட்டும் முன்பே வரிசையைத் தானே நிற்கவைத்துச் சரிபார்த்தார். ருஷாவின் ஒரு பக்கம் அண்ணன் முறையான நான். மறுபக்கம் த்ஸோனா அத்தை, ஊரிலேயே அகலமான பெண்மணி. அத்தைக்கு அந்தப் பக்கம்தான் வேல்கோ. அத்தையைத் தாண்டி யாரும் யாரையும் எட்டிக்கூடப் பார்க்க முடியாது என்று சித்தப்பாவுக்கு நிம்மதி, ஊதத் தொடங்கினார். ஆட்டம் சூடு பிடித்தது, பாதி ஊர் சங்கிலியில், மீதி ஊர் சுற்றி நின்று கைதட்டிக்கொண்டிருக்க, அப்போதுதான் த்ஸோனா அத்தையின் மூக்கில் அந்த வாசனை ஏறியது.

"ஐயோ, என் ஆட்டுக்குட்டி கருகுது!"

அடுப்பில் வைத்த திருநாள் ஆட்டுக்குட்டி. அத்தை பதறினாள், ஆனால் பதற்றத்திலும் சட்டத்தை மறக்கவில்லை, ஊரில் யாரும் சாவதை அவள் விரும்பவில்லை. இடது கையிலிருந்த ருஷாவின் கையையும் வலது கையிலிருந்த வேல்கோவின் கையையும் ஒன்றாகச் சேர்த்து, மேலே ஒரு தட்டும் தட்டிவிட்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.

முதலில் புல் நிமிர்ந்தது. மிதிபட்டுக் கிடந்த புல் எங்கள் காலுக்கடியில் மெல்ல எழுந்து நிற்பதை நான் பார்த்தேன், அட, புல் எப்படி நிமிரும், மேலே நாம் நிற்கிறோமே என்று குனிந்து பார்த்தால் நாங்கள் நிற்கவில்லை. ஆடிக்கொண்டிருந்தோம், அடி பிசகவில்லை, வலது வலது இடது என்று கால்கள் பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தன, ஆனால் போட்ட இடத்தில் தரை இல்லை. முழங்கால் உயரம், இடுப்பு உயரம், வேலி உயரம், பிறகு பிளம் மரத்தின் உச்சிக்கு நேராக வந்ததும் ஆட்டம் அங்கேயே நின்று, அதாவது ஆடியபடியே நின்று, எங்களுக்கெல்லாம் வயிற்றில் கூச்சம் எடுத்து ஒருவர் மாற்றி ஒருவர் சிரிக்கத் தொடங்கினோம். கீழே சித்தப்பா குழலிலிருந்து வாயை எடுத்து, பை பாடிக்கொண்டிருக்கும்போதே கத்தினார்.

"கையை விடுடீ!"

"பாட்டு இன்னும் முடியலப்பா!" என்று ருஷா மேலேயிருந்து பதில் சொன்னாள்.

சித்தப்பா கோபத்தில் மறுபடி ஊதத் தாமதித்தார், பையில் காற்று குறைந்தது, நாங்கள் எல்லோரும் அலறிக்கொண்டு ஒரு ஆள் உயரம் கீழே விழுந்தோம். கீழே இருந்தவர்களும் அலறினார்கள், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் மேலே இருந்தார்களே. "ஊது கிரஸ்தான், ஊது, என் புருஷன் மேல இருக்காரு!" என்று ஒரு பெண் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். என் சித்தப்பா ஊதினார். வேறு என்ன செய்ய முடியும்? பாட்டை நிறுத்தினால் பாதி ஊர் கைகால் முறியும், நிறுத்தாவிட்டால் தன் மகள் கை ஸஹாரி மகனின் கையில் இருக்கும், அதற்குத் தன் மூச்சையே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஸஹாரி ஒரு வார்த்தை பேசாமல் மத்தளத்தை அடித்தார், ஆனால் அந்த அடியில் ஒரு குதூகலம் இருந்ததாகச் சித்தப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊர் இதற்குப் பழக இரண்டு நாள்கூட ஆகவில்லை. வைக்கோல் அள்ளும் நீண்ட கவைக்கோல்களின் நுனியில் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் குத்தி மேலே நீட்டினார்கள், நாங்கள் கையை விட முடியாததால் கொக்கு மாதிரிக் கழுத்தை நீட்டிக் கவ்வினோம். சாராயத்தைச் சுரைக்குடுக்கையில் ஊற்றிக் கழியில் கட்டி அனுப்பினார்கள், தலையில் இருப்பவனிடம் ஆரம்பித்து வாலுக்கு வருவதற்குள் குடுக்கை காலி, வாலில் இருந்த இடையன் தினமும் அழுதான். மற்ற விஷயங்கள் எப்படி நடந்தன என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, நாங்கள் மரியாதையான ஊர். தூக்கமா, ஆடிக்கொண்டே தூங்கினோம், பக்கத்தில் இருப்பவர்கள் கை தூக்கிப் பிடித்துக்கொள்ளும். சித்தப்பா தூங்கும்போது ஊதுவதற்கு மட்டும் ஊரார் முறை வைத்துக்கொண்டார்கள், கொப்பரைக்கு முறை வைத்துப் பழகியவர்கள்தானே. ஒருவர் மாற்றி ஒருவர் குழாயில் வாய் வைத்துப் பையை நிரப்ப, சித்தப்பாவின் விரல்கள் குறட்டைக்கு நடுவிலும் துளைகளில் ஓடிக்கொண்டிருந்தன. ஸஹாரி தூங்கினாரா என்று யாருக்கும் தெரியாது. எனக்கு மூக்கு அரித்தால்தான் உயிர் போகும், இரண்டு கையும் இரண்டு பேரிடம் இருக்கிறது, ருஷாவின் மறு கை என்னிடம்தான் இருந்தது என்றாலும் அதைப் பற்றி ஊரில் ஒருவர்கூட ஒரு கதை கட்டவில்லை.

சித்தப்பா நடந்தால் ஆட்டமும் கூடவே வரும் என்று மூன்றாவது நாள்தான் கண்டுபிடித்தோம். அவர் கோபத்தில் வீட்டைப் பார்த்து நடந்தார், நாங்கள் அவர் தலைக்கு மேலேயே வந்தோம். ஓடினார், நாங்களும் வேகமாக வந்தோம். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், நாங்கள் கூரைமேல் வட்டமடித்தோம், ஓடெல்லாம் சரிந்தது. பிறகு ஊர் யோசித்தது. செர்ரி பழுக்கும் காலம் வந்துவிட்டது, ஏணி எட்டாத உச்சிக்கிளைப் பழங்களைப் பறவைக்கு விட்டுக்கொடுத்தே எங்களுக்குப் பழக்கம், இந்த வருஷம் சித்தப்பாவைக் கெஞ்சி மரம் மரமாக நடக்கவைத்தார்கள். நாங்கள் வாயாலேயே பழம் பறித்து, கீழே விரித்த போர்வையில் துப்பினோம், பாதி துப்பினோம், பாதி தின்றோம், கொட்டைகள் மட்டும் ஒன்று தவறாமல் கீழே நின்றவர்கள் தலையில் விழுந்தன. சங்கிலியின் தலையில் இருந்தவன் ஒரு கை சும்மா இருக்கிறதே என்று கைக்குட்டையால் ஊர்ப் புகைபோக்கிகளை எல்லாம் துடைத்துவிட்டான். வேல்கோ மட்டும் பழம் துப்பவில்லை. வாயில் கவ்விய நல்ல பழத்தை ருஷாவின் பக்கம் நீட்டுவான், அவள் எட்டி வாங்கிக்கொள்வாள், சட்டப்படி அதையும் யாரும் கேட்க முடியாது, கீழே சித்தப்பா கைடாவை அமுக்கிய அமுக்கில் ஆட்டுத்தோல் உயிரோடு இருக்கும் ஆடு மாதிரிக் கத்தியது.

பாதிரியார் இலாரியோன் முதலில் சிலுவை வரைந்து பார்த்தார். யாரும் விழவில்லை, ஆகவே இது பிசாசின் வேலை இல்லை என்று முடிவு செய்தார். ஆனால் கோயில் ஏற்கெனவே மண்ணுக்குள் இருக்கிறது, அதன் சிலுவைக்கும் எவ்வளவோ மேலே நீங்கள் செருப்புக்காலோடு குதிப்பது சரியா என்று வருத்தப்பட்டார், அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா மெதுவான பாட்டாக வாசித்துக் கொஞ்சம் தாழ்வாக வைத்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். மாவட்டத்திலிருந்து கட்சி ஆள் ஒருவர் ஜீப்பில் வந்தார். ஆகாயத்தில் ஆள் ஆடுவது என்பது அறிவியலுக்கு விரோதம், ஆகவே அப்படி யாரும் இல்லை என்று எங்களுக்கு நேர் கீழே நின்று பேசினார், த்ஸோனா அத்தை கருகாத பக்கமாகப் பார்த்துக் கறி வைத்தாள், தின்றார், தொப்பியில் செர்ரிக் கொட்டை விழுந்தபோது "மழை வரும்போல" என்று சொல்லிவிட்டு, அண்ணாந்து பார்க்காமலே கிளம்பிப் போனார்.

அண்ணாந்து பார்த்தவன் பாங்கோதான். புதுச் சட்டையும் மெழுகு தடவிய மீசையுமாகக் கோவேறு கழுதைகளோடு வந்து சேர்ந்தான், பெண் எங்கே என்றான், ஊரே மேலே கையைக் காட்டியது.

"ஏய் பொண்ணு! இறங்கி வா!" என்றான்.

"என்னால முடியாதுங்க, ஆட்டத்துல இருக்கேன்" என்றாள் ருஷா, ரொம்ப மரியாதையாக.

பாங்கோ கயிற்றில் சுருக்குப் போட்டு அவள் காலைக் குறிபார்த்து வீசினான், அது என் காலில் விழுந்தது. மறுமுனையைத் தன் கழுதைகளில் பெரிய கழுதையின் சேணத்தில் கட்டி, ஹை ஹை என்று ஓட்டினான். என் கால் தனியாக வந்துவிடும் என்றே நினைத்தேன். சங்கிலி வில்லாக வளைந்தது, சித்தப்பா ஊதுவதை நிறுத்த முடியாமல் கண்ணாலேயே கெஞ்சினார், ஸஹாரி மத்தளத்தில் ஒரு முரட்டு அடி அடித்தார், நாங்கள் ஜம்மென்று எழும்பினோம், கூடவே கழுதையும் எழும்பியது. நாலு காலையும் தொங்கவிட்டுக்கொண்டு, முகத்தில் எந்த வியப்பும் இல்லாமல், அது செர்ரி இலையைத் தின்றது. ஊர் சிரித்த சிரிப்பில் பாங்கோவின் மீசை ஒரு பக்கம் நிமிர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது.

"எனக்குப் பொண்ணும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், கழுதையைக் குடுங்கடா!"

கொடுத்தோம். போய்விட்டான். அதோடு விஷயம் முடிந்தது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம், என் சித்தப்பாவை நாங்கள் அறிந்தது அவ்வளவுதான். மாப்பிள்ளை போன அவமானம், ஊரே சிரித்த அவமானம், ஸஹாரி அடித்த அந்த அடி, எல்லாம் சேர்ந்து அவருக்கு மூச்சை அடைத்தது. குழாயிலிருந்து வாயை எடுத்தார். பையைக் கடைசியாக ஒரு முறை அமுக்கிக் காற்றையெல்லாம் வெளியேற்றினார். "என்ன ஆனாலும் ஆகட்டும்" என்றார்.

கைடா நின்றதும் மத்தளமும் நின்றது. நாங்கள் இறங்கினோம். விழவில்லை, நல்லவேளை, இறகு இறங்குவதுபோல் மெல்ல மெல்ல இறங்கினோம், கீழே புல் தெரிந்தது, செருப்பின் அடி புல்லின் நுனியில் உரசப் போனது. கால் பட்டால் ஆட்டம் முடிந்தது. ஆட்டம் முடிந்தால் கையை விட வேண்டும். ருஷா இரண்டு முழங்காலையும் மடக்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். வேல்கோவும் மடக்கிக்கொண்டான். அவர்கள் மடக்கினால் நான் மட்டும் தரையில் காலை வைத்துத் தோற்பவனா? நானும் மடக்கினேன். தலையிலிருந்து வால்வரை அத்தனை பேரும் மடக்கினோம். தரைக்கு ஒரு சாண் மேலே, பாட்டும் இல்லாமல் பிடிமானமும் இல்லாமல், பாதி ஊர் முழங்காலைக் கட்டிக்கொள்ளாத குறையாகத் தொங்கியது.

சித்தப்பா நேராக ருஷாவின் முன்னால் வந்து நின்றார். ஊதி ஊதி உதடு வீங்கியிருந்தது, கன்னம் ஒட்டிப்போயிருந்தது, அவரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததும் ருஷாவின் கண் நிறைந்தது.

"காலைக் கீழ வை."

"மாட்டேன்ப்பா."

"அதான் மில்காரன் போயிட்டான்ல? இன்னும் என்ன?"

"அவன் போனா இன்னொருத்தனைக் கூட்டிட்டு வருவீங்க. எனக்கு இந்தக் கை போதும். இதை மட்டும் குடுத்துடுங்க, வேற எதுவும் நான் கேக்கல."

"மாமா," என்று தொடங்கினான் வேல்கோ.

"யாருடா உனக்கு மாமா?"

ருஷா அழுதுகொண்டே பாடத் தொடங்கினாள், கைடா வாசித்த அதே பாட்டை வாயால். வேல்கோ சேர்ந்துகொண்டான். பிறகு நாங்கள் எல்லோரும். பாடப் பாட ஆட்டம் மறுபடி எழும்பியது, சித்தப்பாவின் மூச்சு இல்லாமலே எழும்பியது, அவர் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். முன்னெப்போதையும்விட உயரம் போனோம், சந்தோஷத்தில் தலை சுற்றியது, அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை மறந்துபோனோம். இத்தனை நாளும் ஆட்டம் கைடாவின் பின்னால்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது கைடா இல்லை. மலைக்காற்று எங்களை எடுத்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்துப் புறப்பட்டது.

கீழே இருந்தவர்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். ஸஹாரி மத்தளத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினார், அந்த மனிதர் ஓடி நாங்கள் பார்த்ததே இல்லை, காற்றில் தாழ வளைந்து வந்த வாலில் இருந்த இடையனின் கையை எட்டிப் பிடித்து இழுத்தார், ஆட்டம் அவரையும் இழுத்துக்கொண்டது. அவர் கால்கள் பள்ளத்தின் விளிம்பைத் தாண்டப் போகும்போது சித்தப்பா பின்னால் வந்துசேர்ந்தார். எட்டும் தூரத்தில் ஒரே ஒரு கைதான் இருந்தது. வாலில்தான் சேர வேண்டும், வாலில் இருந்தது ஸஹாரி. ஸஹாரி விரலை விரித்துக் கையைக் கீழே தொங்கவிட்டார். சித்தப்பா அந்தக் கையைப் பார்த்தார், தூரத்தில் போகும் மகளைப் பார்த்தார், சாபம் ஒன்றைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு குதித்துப் பிடித்தார்.

சரியாகப் பள்ளத்தின் நடுவில் காற்று திரும்பியது. சங்கிலி சவுக்கு மாதிரி வீசியடித்தது, தலை ஒரு பக்கம் போக வால் மறுபக்கம் போக, நடுவில் ருஷாவும் வேல்கோவும் கோத்திருந்த கை வழுக்கியது. உள்ளங்கை போய் விரல் மட்டும் மிச்சம். என் பக்கத்துக் கையை நான் எலும்பு நொறுங்கப் பிடித்திருந்தேன், ஆனால் என் கை ஒன்று எவ்வளவு தாங்கும்? கீழே ஆறு நூலாகத் தெரிந்தது. பாட்டு நின்றுபோனது. அந்த அமைதியில் வாலிலிருந்து என் சித்தப்பாவின் குரல் பள்ளம் முழுக்க எதிரொலித்தது.

"விடாத! ருஷா, அவன் கையை விடாத! டேய் வேல்கோ, என் கண்ணு, கெட்டியாப் புடிடா! விட்டுடாதடா!"

வேல்கோ பிடித்தான். விரலிலிருந்து உள்ளங்கைக்கு, உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறிப் பிடித்தான். நாங்கள் மூச்சுவிட்டோம். மறுபடி யாரோ பாட்டை எடுத்தார்கள். அப்போது ஸஹாரி, இத்தனை வருஷத்துக்குப் பிறகு, சித்தப்பாவைப் பார்க்காமல் காற்றைப் பார்த்துச் சொன்னார்.

"பயத்துல சொல்லிட்டான். தரையில கால் பட்டதும் மாத்திப் பேசுவான்."

"யாருடா மாத்திப் பேசுவான்?" சித்தப்பாவுக்குக் காது வரை சிவந்தது. "கழுவாத கொப்பரையைக் குடுத்துட்டுக் கழுவினேன்னு சொன்ன வாயா என்னைப் பேசுது? கேட்டுக்கோ! எல்லாரும் கேட்டுக்கோங்க! என் பொண்ணை வேல்கோவுக்குத்தான் குடுப்பேன்! இந்தப் பக்கத்து நாடும் கேட்டுக்கட்டும், அந்தப் பக்கத்து நாடும் கேட்டுக்கட்டும்! எவன் தடுக்கறான்னு நான் பாக்கறேன்!"

தடுக்க அங்கே யாரும் இல்லை, இத்தனை நாளும் தடுத்தது அவர் ஒருவர்தான். அது அவருக்கே உறைத்திருக்க வேண்டும், சட்டென்று சிரிக்கத் தொடங்கினார், ஸஹாரியும் சிரித்தார், கையோடு கை குலுங்கி அந்தச் சிரிப்பு வாலிலிருந்து ஒவ்வொருவராக ஏறித் தலைவரை போனது. நான் ருஷாவைப் பார்த்தேன், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை, எனக்கும் கண்ணீர் வந்தது, துடைக்கக் கை இல்லை. ஆட்டம் இறங்கத் தொடங்கியது. அப்பா சம்மதித்ததால் இறங்கியது என்று ஒரு கட்சி, இரண்டு தடித்த கிழவர்களின் கனத்தால் இறங்கியது என்று இன்னொரு கட்சி, ஊரில் இன்றைக்கும் இதில் அடிதடி உண்டு. எப்படியோ, பள்ளத்தைக் கடந்து ஒரு புல்வெளியில், காலை நீட்டி, புல்லை மிதித்து, எல்லோரும் ஒன்றாகத் தரையில் நின்றோம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம். வேறு நாடு. புதருக்குள்ளிருந்து ஒரு எல்லைக்காவலன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வந்தான், மீசை அரும்பாத முகம், எங்களைவிட அவன்தான் அதிகமாக நடுங்கினான்.

"கையைத் தூக்குங்க! எல்லாரும்!" அவன் பேசியதும் எங்கள் பேச்சுதான், கொஞ்சம் மூக்கால் பேசினான்.

துப்பாக்கிக்கு முன்னால் எங்கள் வீம்பு செல்லாது. செர்ரி காலம் முழுக்க விடாத கைகளை அந்த ஒரு நொடியில் விட்டோம். தலையில் இருந்தவன் கைக்குட்டையோடு தூக்கினான், இடையன் தூக்கினான், இரண்டு அப்பாக்களும் தூக்கினார்கள், நான் ருஷாவின் கையை விட்டு என் கைகளைத் தூக்கினேன், வாய்ப்பு கிடைத்ததே என்று போகிற வழியில் மூக்கையும் சொறிந்துகொண்டேன். ருஷாவும் தூக்கினாள், வேல்கோவும் தூக்கினான், அவன் இடது கையும் அவள் வலது கையும் மட்டும் கோத்தபடியே மேலே போய் நின்றன. அவர்கள் காலடியில் புல் மிதிபட்டுக் கிடந்தது, ஆட்டம் முடிந்து, பாட்டு முடிந்து.

"அந்த ரெண்டு பேரும் கையை விடுங்க!" என்று காவலன் கத்தினான்.

அவர்கள் விடவில்லை. அவன் துப்பாக்கியைச் சித்தப்பாவின் பக்கம் திருப்பினான், அவர்தான் எல்லோரிலும் மூத்தவராகத் தெரிந்தார். "நீங்க சொல்லுங்க பெரியவரே. விடச் சொல்லுங்க."

என் சித்தப்பா தூக்கிய கைகளோடு மகளைப் பார்த்தார்.

"அவங்க விட மாட்டாங்க தம்பி" என்றார். "நான் சொல்லிப் பாத்தாச்சு."

காவலன் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான், பிறகு துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கல்யாணம் என்றைக்கு என்று கேட்டான்.